பைக்குள் இருக்கும் பொருள் யாருடையது?

நாம் அன்றாடம் வழங்கும் சொற்களுள் ‘ஜேபி’ என்பதும் ஒன்று. ஜோப்பு, ஜேப்பு, சேப்பு என்று ஊருக்கு ஊர் ஒலி மாறினும் வேர் ஒன்றே. ‘ஜைப்’ என்னும் அரபுச் சொல் பாரசீகத்திலும் உருதுவிலும் தங்கி, பின்னர்த் தமிழுக்கு வந்து சேர்ந்தது. அரபியில் அதன் முதற்பொருள் சட்டையின் கழுத்துத் திறப்பு என்பதாகும். மூஸா நபி தம் கையை ‘ஜைப்’பினுள் நுழைத்து எடுத்தபோது அது வெண்மையாய் ஒளிர்ந்தது என்று திருக்குர்ஆன் கூறுமிடத்தில் அச்சொல் இப்பொருளிலேயே வருகிறது. மார்பின்மேல் ஆடை பிளந்து நிற்கும் அவ்விடத்தினுள் மக்கள் பொருளைச் செருகி வைத்தனர்; நாளடைவில் திறப்பின் பெயர் பைக்கு ஆயிற்று.

இச்சொல்லுக்கு இன்னொரு பயணமும் உண்டு. இந்தியக் கணித நூலோர் வட்டத்தின் நாணை ‘ஜீவா’ என்றனர். அதை அரபியர் ஒலிபெயர்த்து எழுதியபோது உயிர்க்குறிகள் இன்றி ஜீம், யே, பே என்னும் மூன்றெழுத்துகள் மட்டும் நின்றன. லத்தீனில் மொழிபெயர்த்தவர்கள் அதனை ‘ஜைப்’ என்று படித்து, மார்பு மடிப்பு எனப் பொருள்படும் ‘ஸைனஸ்’ என்று எழுதி விட்டனர். நம் பிள்ளைகள் பள்ளியில் மனனம் செய்யும் ‘சைன்’ அவ்வாறு பிறந்ததே. ஆக, திரிகோண கணிதத்தின் உள்ளேயும் ஒரு சட்டைப்பை ஒளிந்திருக்கிறது!

அரபு மொழியில் பைக்குப் பெயர்கள் பல. பணம் இடும் பை ‘கீஸ்’. நாணயங்களைத் துணியில் இட்டு முடிந்தால் அது ‘ஸுர்ரா’. வழிநடைப் பயணியின் தோற்பை ‘ஜிராப்’. குதிரையின் கழுத்தில் தீவனத்தோடு மாட்டுவது ‘மிக்லாத்’. இவற்றுள் சில பையின் எல்லையைக் கடந்து ஆட்சியின் சொற்களாகவே ஆகி விட்டன. உஸ்மானிய அரசின் கணக்கேடுகளில் ‘கீஸ்’ என்பது ஒரு தொகையின் பெயர். பிற்காலத்தில் ஒரு கீஸ் என்றால் 500 குருஷ் என்று பொருள். சுல்தான்கள் ஆண்டுதோறும் மக்கா, மதீனா நகரங்களுக்கு அனுப்பிய கொடைப் பணத்தை ‘ஸுர்ரா’ என்றே அழைத்தனர். அதனைச் சுமந்து சென்ற ஊர்வலம் தலைநகரில் பெரு விழாவாகக் கொண்டாடப்பட்டது.

‘ஹிம்யான்’ என்பது இடுப்பில் கட்டும் பணப்பை. இஹ்ராம் அணிந்த ஆடவர் தைத்த ஆடை உடுத்தலாகாது என்பதை வாசகர்கள் அறிவர். எனினும் வழிச்செலவுக்குரிய பணத்தை ஹிம்யானில் இட்டு இடையில் கட்டிக் கொள்வதைச் சட்ட நூல்கள் அனுமதிக்கின்றன. ஹஜ்ஜுப் பயணத்திற்கென இன்று நம் கடைத்தெருக்களில் விற்கும் அகன்ற பச்சை இடைவாரைக் காணும் போதெல்லாம் அப்பழைய ஹிம்யானே நமக்கு நினைவு வருகிறது.

பை உண்டான அன்றே பையைக் குறிவைத்த திருடனும் உண்டாகியிருப்பான். தமிழில் அவனுக்கு ‘முடிச்சவிழ்க்கி’ என்று பெயர். மடியிலும் முந்தியிலும் பணம் முடிந்து வைத்த காலத்தின் சொல் அது. சட்டைப்பை வந்தபின் அவன் ‘ஜேப்படித் திருடன்’ ஆனான். ஆங்கிலேயரிடமும் இதே மாற்றத்தைக் காண்கிறோம். அரைக்கச்சையில் பை தொங்கிய நாளில் அவன் ‘கட்பர்ஸ்’, அதாவது பை அறுப்போன். பை ஆடைக்குள் புகுந்தபின் ‘பிக்பாக்கெட்’. அரபியர் அவனைத் ‘தர்ரார்’ என்றனர். பண்டைக் காலத்தில் அகன்ற சட்டைக் கையே பையாகவும் பயன்பட்டது. கல்விமான்கள் ஏடுகளைக்கூட அதில் இட்டுச் சென்றனர். ஆதலின் பண முடிச்சு சட்டைக் கையின் வெளிப்புறம் தொங்கியதா, உட்புறம் இருந்ததா, திருடன் கையை உள்ளே விட்டானா, வெளியிலிருந்தே அறுத்தானா என்றெல்லாம் பிரித்துப் பிரித்து ஹனஃபிச் சட்ட அறிஞர்கள் ஆராய்ந்தனர். மதரஸாவில் அப்பாடத்தை ஓதும் இளைஞர்கள் முதலில் சிரிப்பதுண்டு. ஆனால் அவ்வறிஞர்கள் ஆராய்ந்தது சிரிப்புக்குரிய செய்தியன்று. காப்பில் உள்ள பொருள் எது, காப்பற்ற பொருள் எது என்னும் எல்லையை அவர்கள் ஒரு பையின் வாயில் வைத்து அளந்தனர்.

அந்த எல்லையை ஒட்டி இன்னொரு வினா எழுகிறது. கையில் பை இருக்கிறது. பைக்குள் பணம் இருக்கிறது. அப்பணம் பையைச் சுமப்பவருடையதுதானா? கைப்பையின் வரலாற்றைப் படிக்குந்தோறும் இவ்வினாவே நம்மைத் தொடர்ந்து வருகிறது. அதன் வடிவங்களையும் பெயர்களையும் மட்டும் எழுதுவோர் இதனைக் கவனிப்பதில்லை.

மனிதன் பை சுமந்த கதை மிகத் தொன்மையானது. 1991 ஆம் ஆண்டில் ஆல்ப்ஸ் மலையின் பனிக்குள் கண்டெடுக்கப்பட்ட, ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதன் இடுப்பில் கன்றுத்தோற்பை ஒன்றைக் கட்டியிருந்தான். சிக்கிமுக்கிக் கற்கருவிகளும் எலும்பு ஊசியும் தீ மூட்ட உதவும் காளானும் அதனுள் இருந்தன. இங்கிலாந்தில் சட்டன் ஹூ என்னுமிடத்தில் 1939 இல் அகழ்ந்தெடுத்த ஏழாம் நூற்றாண்டுப் புதையலில் பொன்னும் செம்மணியும் பதித்த பை மூடி ஒன்று கிடைத்தது. தோல் மக்கி விட்டது. உள்ளிருந்த 37 பொற்காசுகள் எஞ்சின. இவ்விரண்டும் ஆடவர் அரையில் கட்டிய பைகள்.

இன்னும் பழமையான கைப்பை ஒன்றைப் பற்றியும் சிலர் எழுதுவர். ஈராக்கில் நிம்ரூத் என்னுமிடத்தில், கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட அசீரிய மன்னன் இரண்டாம் அஷூர்நாசிர்பாலின் அரண்மனைச் சுவர்களில் இறக்கை முளைத்த தேவர்கள் கையில் பை போன்ற ஒன்றைப் பிடித்து நிற்கின்றனர். ‘தேவர்களின் கைப்பை’ என்று அதற்கு அற்புதக் கதைகள் கட்டுவோர் உளர். அது பையே அன்று; தூய்மைச் சடங்குக்குரிய நீர் வைக்கும் வாளி. ஆயினும் நிம்ரூதுக்குப் போனவர் அண்மையிலுள்ள மோசூலுக்கும் போக வேண்டும். உண்மையான கைப்பை அங்கேதான் இருந்தது.

அரபியில் ‘மவ்ஸில்’ என வழங்கும் அந்நகரின் கன்னார்கள் 13 ஆம் நூற்றாண்டில் உலகப் புகழ் பெற்றவர்கள். பித்தளையில் நுண்ணிய பள்ளம் வெட்டி வெள்ளியும் பொன்னும் பதிப்பது அவர்தம் கலை. ‘அல்மவ்ஸிலி’ என்று தம் பெயரோடு ஊரையும் பொறிப்பதில் அவர்கள் பெருமை கொண்டனர். 1232 இல் ஷுஜாஉ இப்னு மனஆ அல்மவ்ஸிலி என்பவர் செய்த கூஜா ஒன்று, மோசூலில் செய்யப்பட்டது என்னும் வாசகத்தோடு இன்றும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளது. இக்கலையை ஆதரித்த ஆட்சியாளர் பத்ருத்தீன் லுஃலுஃ 1259 இல் மறைந்தார். சில ஆண்டுகளில் மங்கோலியர் நகரைச் சூறையாடினர். அத்தோடு மோசூலின் கலை அழிந்தது, கலைஞர்கள் கெய்ரோவுக்கும் டமாஸ்கஸுக்கும் சிதறினர் என்றே அறிஞர் பலர் நெடுங்காலம் எழுதி வந்தனர்.

லண்டன் கோர்ட்டோல்ட் கலைக்கூடத்தில் உள்ள ஒரு பித்தளைப் பை அக்கருத்தை அசைத்து விட்டது. ஏறத்தாழ ஒரு சாண் அகலமுள்ள அப்பை 1300 க்கும் 1330 க்கும் இடையில், மங்கோலிய வழிவந்த இல்கான்கள் ஆண்ட காலத்தில், மோசூலில் செய்யப்பட்டது என்று கருதப்படுகிறது. உடல் முழுவதும் வெள்ளியும் பொன்னும் இழைத்த கொடிகளும் கட்டங்களும் வட்டங்களும். வட்டங்களுக்குள் குதிரை வீரர்களும் இசைப்போரும். தாமஸ் கேம்பியர் பாரி என்னும் ஆங்கிலேயர் இதனை 1858 இல் விலைக்கு வாங்கினார். அவர் குடும்பத்தினரிடமிருந்து 1966 இல் அது கலைக்கூடத்தை அடைந்தது. இது இன்னதென்று அறியாமல், தையற்பெட்டி என்றும் ஆவணங்கள் வைக்கும் உறை என்றும் குதிரைச் சேணப்பை என்றும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பெயரிட்டனர். விடையோ அதன் மூடியிலேயே இருந்தது.

மூடியில் ஓர் அரசவைக் காட்சி. ஆணும் பெண்ணுமாக இருவர் ஒரே இருக்கையில் சரிசமமாக வீற்றிருக்கின்றனர். இருபுறமும் ஏவலர் நிற்கின்றனர். சீமாட்டியின் பக்கத்தில் நிற்கும் ஏவற்சிறுவன் தோளிலிருந்து வாரில் ஒரு பை தொங்குகிறது. அதன் வடிவம் இப்பையின் வடிவமே. பையின் மீதே பையின் பயனைப் பொறித்து வைத்தான் அக்கலைஞன்! அரசகுல மாதொருத்தியின் பையை அவள் பக்கத்தில் நின்று ஏவலன் சுமந்தான் என்பது விளங்கிற்று. மூடியைச் சுற்றி அரபு எழுத்தில், இதற்கு உரியவர் வாழ்வாங்கு வாழ்க என்னும் கருத்தில் வாழ்த்துகள் ஓடுகின்றன. உரியவர் பெயர் மட்டும் இல்லை.

இப்பையை மையமாக வைத்து 2014 பிப்ரவரி முதல் மே வரை லண்டனில் ஒரு கண்காட்சி நடைபெற்றது. உலகில் எஞ்சியுள்ள மிகப் பழைய கைப்பை இதுவே என்று ஏடுகள் எழுதின. கண்காட்சி முடிந்த அடுத்த மாதமே, ஜூன் 2014 இல், மோசூல் நகரம் ஐ.எஸ். என்னும் ஆயுதக் கூட்டத்தின் பிடியில் வீழ்ந்தது. பையைச் செய்த கன்னார்கள் அண்ணாந்து பார்த்திருக்கக்கூடிய ஜாமிஉந் நூரிப் பள்ளியின் சாய்ந்த மினாரா 2017 ஜூனில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. பிற்பாடு அதனை மீண்டும் எழுப்பினர். மங்கோலியர் கையில் அழிந்ததாகக் கருதப்பட்ட கலை பிழைத்திருந்தது என்று லண்டனில் மெய்ப்பித்த வேளையில், அதே ஊருக்கு இன்னொரு சூறையாடல் நேர்ந்ததை நாம் வருத்தத்தோடு குறிக்கிறோம்.

அச்சீமாட்டிக்கு வருவோம். பையைச் சுமந்தவன் ஏவலன். அவன் சுமந்ததால் பொருள் அவனுடையதாகி விடவில்லை. அருகில் அமர்ந்திருந்த கணவனுடையதாகவும் அது ஆகி விடவில்லை. மங்கோலிய, துருக்கிய அரசகுலத்தில் கத்தூன்கள் தமக்கெனப் பாளையமும் கருவூலமும் வைத்து வாழ்ந்தவர்கள். 1330 களில் வடக்கே உஸ்பெக் கானின் நாட்டைக் கண்ட இப்னு பதூதா, அந்நாட்டுப் பெண்களின் மதிப்பைப் பார்த்து வியப்படைந்தார். கடைத்தெருவுக்குக் கணவனோடு வரும் பெண்ணைக் காண்பவர், கணவனை அவளுடைய பணியாள் என்றே எண்ணுவர் என்று அவர் எழுதி வைத்துள்ளார். பின்னாளில் மதுரைச் சுல்தானின் அவைக்கும் வந்து சென்றவர் அவர். பல நாட்டு வழக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வல்லவர்.

மங்கோலிய வழக்கம் ஒருபுறம் இருக்க, இல்கான்கள் இஸ்லாத்தைத் தழுவிய பின்னர் அந்நாட்டின் சட்டமாகிய ஷரீஅத்தும் இவ்விடயத்தில் ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. மஹர் மனைவியின் சொத்து. தந்தை வழி வந்த பங்கும் தான் ஈட்டியதும் திருமணத்திற்குப் பின்னும் அவளுடையனவே. கணவன் ஏழையாயினும் செல்வனாயினும் குடும்பச் செலவு அவன் கடன். இவற்றில் அறிஞரிடையே சிறுசிறு வேறுபாடுகள் இல்லாமல் இல்லை. மனைவி தன் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அன்பளிப்பாக வழங்கக் கணவனின் இசைவு வேண்டும் என்பது மாலிக்கி மத்ஹபின் கருத்து. எனினும் சொத்து கணவனுடையதாக மாறி விடுகிறது என்று நான்கு மத்ஹபுகளில் எதுவும் கூறியதில்லை.

மோசூலில் இப்பை உருவான அதே தலைமுறையில் பாரிஸ் நகரில் பெண்டிர் தொழிற்குழு ஒன்று இருந்தது. பட்டிலும் பொன்னிழையிலும் பூவேலை செய்த சிறு பைகளை அவர்கள் தைத்தனர். அவற்றின் பெயர் ‘ஓமோனியேர் ஸராஸினுவாஸ்’. ஸாரசன் பாணித் தருமப் பை என்று அதற்குப் பொருள். ஸாரசன் என்றால் முஸ்லிம். ஏழைகளுக்கு இடும் காசை வைத்து அரைக்கச்சையில் தொங்கவிட்ட பை அது. சிலுவைப் போர் வீரர்கள் கிழக்கிலிருந்து கொண்டு சென்றவற்றுள் இப்பாணியும் ஒன்று என்பர். வாளோடு போனவர்கள் பையோடு திரும்பியிருக்கிறார்கள்!

அந்நாளில் ஐரோப்பிய ஆடவரும் பெண்டிரும் ஒரேபோலப் பை தொங்கவிட்டுத் திரிந்தனர். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ஆடவர் கால்சட்டையிலும் மேற்சட்டையிலும் பைகள் தைக்கப்பட்டன. அன்று தொடங்கி ஆணின் பை ஆடையின் உறுப்பாயிற்று. பெண்ணின் பை தனியே நின்றது. இரண்டு நூற்றாண்டுகளாக ஆங்கிலப் பெண்கள் நாடாவில் கோத்த பையை இடுப்பில் கட்டி, பாவாடைக்கு அடியில் மறைத்து, பாவாடையின் பக்கவாட்டுப் பிளவு வழியே கையை விட்டு எடுத்தனர். அதற்கே ‘பாக்கெட்’ என்று பெயர். லூசி லாக்கெட் என்னும் சிறுமி தன் பாக்கெட்டைத் தொலைத்து விட்டதாக ஆங்கிலக் குழந்தைப் பாடல் ஒன்றுண்டு. சட்டையில் தைத்த பையை எங்ஙனம் தொலைக்க முடியும் என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். இடையில் கட்டிய பை என்று அறிந்தால் ஐயம் தீரும். நம் பாட்டிமாரின் இடுப்புச் சுருக்குப்பையை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வெற்றிலை, களிப்பாக்கு, சுண்ணாம்பு டப்பி, நான்காய் எட்டாய் மடித்த ரூபாய் நோட்டு ஆகியன அங்கே ஒரு தனி அரசாட்சி செய்தன. அந்தச் சுருக்கை அவிழ்க்கும் உரிமை வீட்டில் வேறெவருக்கும் இருந்ததில்லை.

ஆங்கில, பிரெஞ்சுப் பெண்களின் அந்த உட்பையை 1790 களில் ஒழித்தது ஒரு துணி. உடலோடு ஒட்டி வீழும் மெல்லிய வெண்ணிற மஸ்லின் ஆடை அப்போது நாகரிகமாயிற்று. அத்துணிக்கு அடியில் ஒரு சிறு முடிச்சும் துருத்திக் காட்டும். ஆகவே பை வெளியே வந்து, சுருக்குக் கயிற்றோடு கையில் தொங்கலாயிற்று. ‘ரெட்டிக்யூல்’ என்னும் அச்சிறு பையே இக்காலக் கைப்பையின் நேர்மூதாதை. உட்பையை ஊர் காணக் கையில் எடுத்துத் திரிவதா என்று எள்ளி, அதனை ‘ரிடிக்யூல்’, அதாவது நகைப்பு, என்று பாரிஸில் அழைத்தனர். அந்த மஸ்லின் எங்கிருந்து வந்தது? துணி வங்காளத்திலிருந்து வந்தது. பெயர் மோசூலிலிருந்து வந்தது. மோசூல் வணிகர் வழி வந்த துணிகளுக்கு ஐரோப்பியர் இட்ட பெயர் பின்னர் டாக்காவின் நுண்பருத்திக்கு நிலைத்து விட்டது.

ஆக, பெண்ணின் பை வெளிச்சத்திற்கு வந்தது. உள்ளிருந்த பொருளின் நிலை என்ன? ஆங்கிலச் சட்டப்படி மணமான பெண்ணுக்குத் தனி ஆளுமை இல்லை. கணவனும் மனைவியும் சட்டத்தின் முன் ஒருவரே. அந்த ஒருவர் கணவன். அவளுடைய பணமும் நகையும் கூலியும் மணநாள் தொட்டு அவனுடையவை. செல்வர் வீட்டுத் தந்தையர் பத்திரங்கள் எழுதி மகளின் சொத்தைக் காத்துக் கொண்டனர். ஏழைப் பெண்ணுக்கு அவ்வழியும் இல்லை.

1870 களில் ஒரு நாள் லண்டன் வாட்டர்லூ இரயில் நிலையத்தில் மில்லிசென்ட் ஃபாசெட் என்னும் அம்மையாரின் பணப்பையை ஓர் இளைஞன் பறித்தான். பிடிபட்டான். வழக்கு மன்றத்தில் குற்றப் பத்திரிகையைப் படிக்கக் கேட்டபோது அம்மையார் திடுக்கிட்டார். மில்லிசென்ட் ஃபாசெட்டிடமிருந்து, ஹென்றி ஃபாசெட்டின் சொத்தாகிய 1 பவுன் 18 ஷில்லிங் 6 பென்ஸ் அடங்கிய பையைத் திருடினான் என்று அதில் எழுதியிருந்தது. திருட்டுக் குற்றம் தம்மீதே சுமத்தப்பட்டது போல் உணர்ந்ததாக அவர் தம் நினைவு நூலில் எழுதியுள்ளார். கணவர் கெட்டவரல்லர். கண்ணொளி இழந்தும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் பொருளாதாரப் பேராசிரியராகவும் விளங்கிய அவர், பெண்களின் உரிமைக்காகப் பேசியவர். இந்திய மக்களின் வரிப்பணம் வீணாவதை இடைவிடாது கண்டித்து ‘இந்தியாவின் உறுப்பினர்’ என்றே பெயர் பெற்றவர். அத்தகைய நல்லவர் மனைவிக்கும் பையில் இருந்த இரண்டு பவுன் சொந்தமன்று என்பதே சட்டம்.

அச்சட்டம் இருமுறை திருத்தப்பட்டது. 1870 ஆம் ஆண்டுச் சட்டம் மனைவியின் உழைப்பூதியத்தை அவளுக்கு விட்டது. 1882 ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாச் சொத்தையும் அவளுடையதாக்கி, 1883 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஃபாசெட் அம்மையார் பின்னர்ப் பெண்கள் வாக்குரிமை இயக்கத்தின் தலைவரானார். 2018 இல் அவருக்கு நாடாளுமன்றச் சதுக்கத்தில் சிலை வைத்தனர். அவ்விடத்தில் நிறுவப்பட்ட முதற் பெண் சிலை அதுவே.

‘ஹேண்ட்பேக்’ என்னும் சொல் 19 ஆம் நூற்றாண்டில் பரவியபோது, இரயில் பயணத்தில் கையில் எடுத்துச் செல்லும் தோற்பையையே குறித்தது. ஆடவரும் அதனைச் சுமந்தனர். பிரதமர் கிளாட்ஸ்டனின் பெயரால் வழங்கும் பை, இரண்டாகப் பிளந்து திறக்கும் பயணப்பை. பின்னர் வந்த வகைகளை எண்ணப் புகுந்தால் ஏடு கொள்ளாது. கையிடுக்கில் பற்றும் கிளட்ச், வாய் திறந்த டோட், மாணவர் தோளில் தொங்கும் சாட்செல், 1930 களில் நகைக்கடைக்காரர் செய்த பொற்பேழை போன்ற மினோடியேர் என்று அது விரியும். இவற்றுக்கென்றே ஆம்ஸ்டர்டாமில் ஓர் அருங்காட்சியகம் இருந்தது. 2020 இல் மூடப்பட்டு விட்டது.

நாட்டின் வரவு செலவுத் திட்டத்தைக் குறிக்கும் ‘பட்ஜெட்’ என்ற சொல்லும் ‘பூஜெத்’ என்னும் பழைய பிரெஞ்சுத் தோற்பையிலிருந்து வந்ததே. விடுதலை இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை 1947 நவம்பர் 26 இல் அளித்தவர் கோவையைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியார். அவர் தோற்பையோடு வந்தார். அவ்வழக்கம் 2019 வரை தொடர்ந்தது. அவ்வாண்டு ஜூலையில் மதுரையிற் பிறந்த நிர்மலா சீதாராமன் தோற்பையை நீக்கி, சிவப்புத் துணியில் சுற்றிக் கட்டிய ஏட்டை ஏந்தி வந்தார். அரபியர் அதைக் கண்டால் ‘ஸுர்ரா’ என்றே கூறுவர். கட்சி வேறுபாடுகள் எவ்வாறாயினும், நாட்டின் பணப்பை ஒரு பெண்ணின் கைக்கு வந்ததைக் குறித்தே ஆக வேண்டும்.

பாரிஸின் கொக்கோ ஷனேல் 1955 பிப்ரவரியில் சங்கிலி வாருடைய தோள்பை ஒன்றை வெளியிட்டார். பெண்ணின் இரு கைகளுக்கும் விடுதலை என்று அதனைப் புகழ்ந்தனர். புகழ் தகும். ஆனால் அந்த 1955 இல் பிரெஞ்சு மனைவி ஒருத்தி கணவனின் இசைவின்றி வங்கியில் கணக்குத் தொடங்க இயலாது. அவ்வுரிமை அவளுக்கு 1965 ஜூலையில்தான் வந்தது. கைகள் விடுதலை பெற்றுப் பத்தாண்டுகள் கழித்தே கையொப்பம் விடுதலை பெற்றது! மொனாக்கோ இளவரசி கிரேஸ் கெல்லி 1956 இல் தம் கருவுற்ற வயிற்றைப் புகைப்படக்காரரிடமிருந்து மறைக்கப் பிடித்த எர்மேஸ் பை அவர் பெயரையே பெற்றது. நடிகை ஜேன் பர்கினுக்காக அந்நிறுவனம் முதன்முதலில் செய்த பை 2025 ஜூலையில் பாரிஸில் 86 இலட்சம் யூரோவுக்கு ஏலம் போயிற்று. ஒரு பைக்கு இத்தனை பணம் என்றால், அதற்குள் வைக்க என்ன மீதியிருக்கும் என்று நாம் கேட்டால் நாகரிகம் அறியாதவர் என்பார்கள். பிரதமர் மார்கரெட் தாட்சர் தம் கைப்பையோடு அமைச்சரவையில் அமர்ந்து சகாக்களை வாட்டியதால், ‘ஹேண்ட்பேக்’ என்னும் பெயர்ச்சொல்லையே ஆங்கிலேயர் வினைச்சொல்லாக்கி விட்டனர்.

இவற்றைப் படித்துவிட்டு, நமக்கு இவ்வுரிமை அன்றே கிடைத்து விட்டது என்று மார்தட்டும் கட்டுரைகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். சட்டம் கூறியதைச் சொல்வதோடு நில்லாமல் வழக்கம் செய்ததையும் சொல்வதே வரலாறு. பஞ்சாபிலும் மேற்குக் கரையின் வணிகச் சமூகங்கள் சிலவற்றிலும் முஸ்லிம் பெண்களுக்கு வாரிசுப் பங்கு மறுக்கப்பட்டு, ஊர் வழக்கமே சட்டமாக நின்றது. அதை நீக்கவே 1937 இல் ஷரீஅத் சட்டம் நிறைவேறியது. அப்போதும் விளைநிலம் விலக்கப்பட்டிருந்தது. சென்னை மாகாணம் 1949 இல் அவ்விலக்கை நீக்கியது. நம் ஊர்களிலோ பங்கைக் கேட்கும் சகோதரி பாசமற்றவள் என்று பேசப்படுகிறாள். மஹரைச் சில ரூபாய்களில் எழுதிவிட்டு, பெண் வீட்டாரிடமிருந்து வரதட்சணையைக் கைநிறைய வாங்கும் திருமணங்களுக்கு ஆலிம்களாகிய நாம் சென்று துஆ ஓதியிருக்கிறோம். அங்கே பை எந்தப் பக்கம் திறக்கிறது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

கைப்பைக்குரிய தோலின் கதையில் நம் மக்களுக்கும் பங்குண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பகுதிகளில் முஸ்லிம் வணிகர்கள் நடத்திய தோல் மண்டிகளிலிருந்து ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் 19 ஆம் நூற்றாண்டிலேயே லண்டன் சந்தைக்குச் சென்றது. 1970 களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்திய பின் அங்கேயே காலணிகளும் பைகளும் தைக்கும் தொழிற்சாலைகள் பெருகின. பாலாறு அதற்குக் கொடுத்த விலை பெரிது. 1996 இல் உச்ச நீதிமன்றம் தோல் ஆலைக் கழிவுகளைக் கடிந்து தீர்ப்பளிக்கும் நிலை வந்தது. அதனைத் தனியே எழுத வேண்டும்.

அத்தொழிற்சாலைகளில் தைப்போர் பெரும்பாலும் பெண்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் துணைவியருள் ஒருவரான ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) தம் கையால் தோல் பதனிட்டுத் தைத்து, வந்த பொருளை ஏழைகளுக்கு வழங்கியவர் என்பதை வாசகர்களுக்கு நினைவூட்டுகிறோம். கொடுத்தது அவருடைய பொருள் என்பதால்தான் அது அவருடைய தருமமாக எழுதப்பட்டது.

ஆம்பூர் நெடுஞ்சாலையில் காலை வேளையில் தொழிற்சாலைப் பேருந்துகளுக்குக் காத்து நிற்கும் பெண்களை நாம் பன்முறை கண்டிருக்கிறோம். ஐரோப்பாவுக்குப் போகும் தோலைத் தைக்கும் அவர்கள் தோளில் தொங்குவது ரெக்சின் பை. உள்ளே சோற்று டப்பா, தண்ணீர்ப் புட்டி, ஆலை அடையாள அட்டை, வங்கி அட்டை. ஊதியம் இப்போது நேரே வங்கிக் கணக்குக்குப் போய் விடுகிறது. அவர்களில் நமக்குத் தெரிந்த வீட்டுப் பெண்கள் சிலரிடம், அந்த அட்டையின் இரகசிய எண் யாரிடம் இருக்கிறது என்று கேட்டோம். தம்மிடமே இருப்பதாக இருவர் கூறினர். எண்ணை அண்ணன்தான் வைத்திருக்கிறார், கேட்டால் எடுத்துத் தருவார் என்றாள் மூன்றாமவள். அதற்குள் பேருந்து வந்து விட்டது.